நனைத்து உடைத்த கடலை

எங்கள் வீட்டில் காலைச் சட்னிக்குத் தேங்காய் வாங்குவது குறைவு. இட்லியோ தோசையோ, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னிதான். என் கணவர் செய்யூருக்குப் பக்கத்தில் கடலை உடைக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்து விவசாயிகளிடம் காயாக வாங்கி, மெஷினில் உடைத்து, பருப்பைச் சலித்து மூட்டை பிடித்துச் சென்னையில் இருக்கும் ஓர் ஏஜெண்டுக்கு அனுப்புவார். அந்த ஏஜெண்டு அதைக் கப்பலேற்றுவார். பெரும்பகுதி இந்தோனேசியாவுக்குப் போகும். ஒவ்வொரு தடவை உடைக்கும்போதும் வீட்டுக்கென்று கொஞ்சம் வரும். கைக்கு வந்ததை அள்ளி வர மாட்டார். சல்லடையின் மேல் தங்கும் பெரிய, பிளவுபடாத பருப்பாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, பையில் கட்டிக்கொண்டு வருவார். சமையலறை டப்பாவில் கொட்டும்போது, "எக்ஸ்போர்ட்டுக்கே இந்தத் தரம் கெடையாது" என்பார். மூடியை அழுத்தி மூடுவதும் அவர்தான்.

நான் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் ஓர் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில், ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாசலில் வந்து இறங்கும் பொருளை ஆர்டரோடு ஒப்பிட்டு, அளவும் தரமும் சரியாக இருந்தால் உள்ளே எடுப்பது என் வேலை. சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவதும் என் வேலைதான்.

சென்ற ஆவணியில் ஒரு நாள் மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவர் போன் செய்தார். அந்த நேரத்தில் அவர் கூப்பிடுவதே இல்லை.

"இந்தோனேசியாக்காரன் நிறுத்திட்டானாம்மே" என்றார்.

"எதை?"

"கடலைய. நம்ம நாட்டுக் கடலையே வேணாமாம். ஏஜெண்டு இப்பத்தான் சொன்னான். நான் இங்க லாரில ஏத்தி, தார்ப்பா கட்டி, டிரைவரு டீ குட்சிக்கினு கீறான்."

"ஒரு வாரத்துல சரியாகிடும்" என்றேன். எனக்கு எதுவும் தெரியாது. அவர் குரல் அப்படிச் சொல்ல வைத்தது. அன்று சாயங்காலம் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்து, ஏற்றிய மூட்டைகளையெல்லாம் மறுபடி கொட்டகைக்குள் இறக்கினார்கள்.

தடை எனக்குப் புதிய விஷயம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது, நம் நாடு அணுகுண்டுச் சோதனை நடத்தி, பல நாடுகள் நமக்குப் பொருள் தர மாட்டோம் என்று கையை விரித்திருந்த காலத்தில். ஸ்டோர்ஸில் எனக்கு முதலில் காட்டப்பட்டது ஒரு காலி அலமாரி. பொருள்களின் பெயர் எழுதிய சீட்டுகள் மட்டும் தட்டு தட்டாக ஒட்டியிருந்தன. ஒரு குழாய் இணைப்பில் வைக்கும் ரப்பர் வளையம் கூட வரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வரும்: வருந்துகிறோம், அனுப்ப இயலாது. காரணம் எழுத மாட்டார்கள். எழுதத் தேவையும் இல்லை. நாம் எதைச் செய்துவிடுவோமோ என்ற பயம்தான் காரணம் என்று எங்கள் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதே வளையத்தைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறை செய்து அனுப்பிய நாளில் மேசைக்கு மேசை லட்டு கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

அப்படிப் பழகிய எனக்கு, தடைக்கான காரணம் எப்போதும் தடை போடுகிறவனிடம் இருக்கும் என்பதே நினைப்பு. பொருளுக்குள்ளேயே அது இருக்கக்கூடும் என்று தோன்றியதில்லை. ஆகவே அன்று வீட்டுக்கு வந்த அவரிடம், "இது அரசியலா இருக்கும்ங்க" என்று சொன்னேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. மறுநாள் கொட்டகையில் கூடிய மற்ற வியாபாரிகளும் அதையே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்களாம். பாமாயிலுக்கு நாம் வரி போட்டதற்குப் பழி வாங்குகிறான் என்றார் ஒருவர். ஆப்பிரிக்காவில் மலிவாகக் கிடைக்கிறது, அதனால்தான் என்றார் இன்னொருவர். விலையை இறக்கிவிட்டு அப்புறம் வாங்குவான் பார் என்றார் மூன்றாமவர்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஏஜெண்டு அனுப்பிய செய்தியில்தான் காரணம் இருந்தது. அஃப்லடாக்சின் என்ற ஒரு நஞ்சு, அனுமதித்த அளவுக்கு மேல் இருந்ததாம். சாக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனாலும் ஒரு பொருளைத் திருப்பி அனுப்பும்போது எழுதும் காரணத்தைப் படித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். தேடிப் படித்தேன். ஈரப்பட்ட கடலையில் ஒரு பூஞ்சை வரும். அது கக்குகிற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, வாசம் கிடையாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் பெரும்பாலும் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உள்ளே போனால் கல்லீரலைக் கெடுக்கும்.

கல்லீரல் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

என் மாமனார் கல்லீரல் கெட்டு இறந்தவர். எங்களுக்குத் திருமணமாகிச் சில வருடங்களில், வயிறு வீங்கி, கண் மஞ்சளான அவரைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தோம். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "குடிப்பாரா?" என்பதுதான். இல்லை என்று என் மாமியார் சொல்லச் சொல்ல, டாக்டர்கள் அவர் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினார்கள். மாமனார் கள்ளைக் கூடத் தொட்டதில்லை. ஊர் அதை நம்பவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் குடித்திருப்பார் என்றார்கள். காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்து அப்படிப் பேசிய ஒருவரை என் கணவர் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை பேச்சு இல்லை. மாமனாருக்கு இருந்த ஒரே பழக்கம் கடலைதான். கொட்டகையில் இருக்கும் நேரமெல்லாம் சட்டைப் பையில் பருப்பு இருக்கும். டீக்குப் பதில் அது.

நான் இதைக் கணவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரோடு வண்டியில் ஏறிக் கொட்டகைக்குப் போனேன்.

உள்ளூர் வியாபாரத்துக்காக அன்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் உடைக்க வேண்டிய காயைக் குவித்து, ஒருவர் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் குவியலைப் புரட்டிக் கொடுத்தார். பிறகு கோணியும் தார்ப்பாயும் போட்டு மூடினார்கள். திருமணமான நாளிலிருந்து நான் பார்க்கிற காட்சி. மாமனார் காலத்தில் குடம், இப்போது ஹோஸ். அவ்வளவுதான் மாற்றம். காய்ந்த காயை அப்படியே மெஷினில் போட்டால் ஓட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் பருப்பும் இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு ராத்திரி ஈரத்தில் ஊறினால் ஓடு மட்டும் நொறுங்கும். பருப்பு முழுசாக, தோல் உரியாமல் மினுமினுப்பாக வரும். அந்தப் பக்கத்துக் கொட்டகைகள் எல்லாவற்றிலும் இதுதான் முறை. உடைத்த பிறகு வெயிலில் காயவைப்பார்கள். வெயில் இல்லாவிட்டாலோ, லாரி வந்து நின்றுவிட்டாலோ, காய்ந்த வரை போதும் என்று மூட்டை பிடித்துவிடுவார்கள்.

"இந்தத் தண்ணிதாங்க" என்றேன்.

"இன்னா தண்ணி?"

"பூஞ்சைக்குக் காரணம்."

"எங்க கீது பூஞ்சை? காட்டு." மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரே அளவில், ரோஸ் நிறத்தில், விளம்பரப் படத்தில் இருப்பது போல இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாதுன்னு போட்டிருக்கு."

"கண்ணுக்குத் தெரியாததுக்கா இவ்ளோ பேஜாரு? தண்ணி தெளிக்காத உட்ச்சா பாதி பருப்பு பொளந்துக்கும். பொளந்தா இதே இந்தோனேசியாக்காரன் எடுக்க மாட்டான். முழுசா குடு, முழுசா குடுன்னு கேட்டவன் அவன். அவனுக்காவத்தான் நனைக்கிறோம். இப்ப அவனே விஷம்னா இன்னா நாயம் இது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்" என்று மட்டும் சொன்னேன்.

"பண்ணு. பண்ணிட்டு அந்த ரிப்போர்ட்ட அவன் மூஞ்சிலயே அடிக்கலாம்" என்றார். உண்மையிலேயே அவருக்குத் தன் சரக்கின் மேல் சந்தேகம் இருக்கவில்லை. நான் ஒவ்வொரு மூட்டையாகக் குத்தூசி போட்டுக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தபோது ஆட்களைப் பார்த்து, "டேய், ஸ்டோர்ஸ்கார அம்மா இன்ஸ்பெக்சன் பண்றாங்க, நேரா நில்லுங்கடா" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை டப்பாவிலிருந்தும் எடுத்துத் தனிப் பொட்டலம் கட்டினேன். நல்ல சரக்கின் கணக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மற்றதை அதோடு வைத்துப் பார்க்க முடியும் என்று நினைத்தேன். ஒரு நாள் லீவு போட்டு, சென்னையில் ஒரு தனியார் சோதனைச் சாலையில் இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரிப்போர்ட் போனில் வந்தது. கொட்டகைச் சரக்கு, இந்தோனேசியாவின் அளவை மட்டுமல்ல, நம் நாட்டின் அளவையும் தாண்டியிருந்தது. வீட்டு டப்பா அதைவிட அதிகம்.

பொட்டலங்களை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைத்து அவர்களைக் கூப்பிட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாக எடுத்துப் பார்த்து, "மாறலைங்க மேடம்" என்றாள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒரே மாதிரி பரவியிருக்காது, ஒரு கைப்பிடியில் ஒன்றிரண்டு கெட்டதாக இருந்தாலே போதும், ஈரத்தோடு இறுக்கி மூடி வைத்திருந்தால் இன்னும் கூடும் என்றாள். "வீட்டுக்குன்னு ஸ்பெஷலா எடுத்து வெச்சதா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், காலையில் அரைத்த சட்னி கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. அதை எங்கே கொட்டுவது என்று கூட எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது ரிப்போர்ட்டைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். பிறகு, "சரி, அந்த லாட்டுக்கு வேற ஆளு பாத்தாச்சி. வெசாழக்கெழம போவுது" என்றார்.

"எங்க போகுது?"

"திருக்கழுக்குன்றத்துல கடல உருண்ட போடறாங்களே ஒரு அம்மா, அவங்களுக்கு. அடிவாரத்துக் கடைங்களுக்கெல்லாம் அவங்கதான் சப்ளை. பௌர்ணமி கூட்டம் வருது, மொத்தமா எடுத்துக்கிறேன்னாங்க."

"இப்பதானே சொன்னேன்? இதை எப்படிங்க குடுப்பீங்க?"

"எப்டின்னா? லாரில ஏத்தித்தான்."

"சின்னப் பசங்க வாங்கித் தின்றது அது."

"அவன் ஊர்ல டெஸ்ட்டு பண்றான், நிறுத்தறான். நம்ம ஊர்ல எவன் பண்றான்? வெள்ளாமைக்காரனுக்கு நான் பதில் சொல்லணும், ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணும். பொறந்ததுலேர்ந்து தின்றோம்மே. நீ தின்னல? நான் தின்னல? எங்க நைனா தெனம் பாக்கெட்டு பாக்கெட்டா தின்னாரு. அவருக்கு இன்னா ஆச்சி?"

கேட்டுவிட்டு, தன் கேள்வி தன் காதிலேயே விழுந்தவர் போல நிறுத்தினார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலை."

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து வெளியே போனார்.

புதன்கிழமை அலுவலகத்தில் அரை நாள் அனுமதி வாங்கி, திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மாவின் வீடு மலையடிவாரத்துத் தெருக்களில் ஒன்றில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு மூன்று அடுப்பு. வெல்லப் பாகு வாசம் தெருமுனையிலேயே வந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஆவி பறக்கும் பாகுக் கடலையை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் மணையை இழுத்துப் போட்டார்.

"குந்துக்கா. அண்ணன் நாளைக்குத்தான சரக்கு அனுப்பறேன்னாரு?"

சொன்னேன். நஞ்சு, பூஞ்சை, ரிப்போர்ட், எல்லாம். அவர் கை நிற்கவில்லை.

"வறுத்தா பூடாது?"

"போகாதாம்."

"பாகு கொதிக்கிற கொதிக்கு எந்தப் பூச்சிக்கா உசுரோட இருக்கும்?"

"பூச்சி இல்லம்மா. பூச்சி விட்டுட்டுப் போன விஷம்."

இன்னும் இரண்டு உருண்டை பிடித்தார். "இன்னாக்கா இது. உம் புருசன் சரக்க நீயே கெட்டதுன்ற. உனுக்கும் அவருக்கும் சண்டையா?"

"சண்டைதான். ஆனா அதுக்காக வரலை."

"சரி, இது வேணாம்னு வெச்சிக்க. நான் வேற எங்க வாங்குவேன்? மத்த கொட்டாய்க்காரங்கல்லாம் நனைக்காமயா உடைக்கிறாங்க?"

இல்லை என்றேன். எல்லாரும் நனைத்துத்தான் உடைக்கிறார்கள்.

"அப்ப அதுலயும் இருக்கும். இன்னா ஒண்ணு, அவன் பொண்டாட்டி வந்து எங்கிட்ட சொல்ல மாட்டா" என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கிளம்பும்போது ஒரு காகிதத்தில் நான்கு உருண்டை மடித்துக் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தரவும் முடியாது, தின்னவும் முடியாது. யாரும் பொறுக்காத இடமாகப் பார்த்து, மண்ணைக் காலால் தோண்டிப் புதைத்தேன். ஒரு பெரியவர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் என் கணவர் வண்டியை வாசலில் நிறுத்தாமல் உள்ளே வரைக்கும் ஓட்டி வந்தார்.

"நீ போயிருந்தியா?"

"போனேன்."

"அந்தம்மா போன் பண்ணிச்சி. உங்க வூட்டம்மாவே வந்து சரக்கு சரியில்லன்னு சொல்லிட்டாங்க, அதனால வெலய கொறைங்கன்னுது. சரக்கு வேணாம்னு சொல்லல. கேட்டுக்கினியா? கொறைக்கச் சொல்லுது. உன்ன வெச்சி எங்கிட்ட பேரம் பேசுது."

நான் சொல்லப் போன விஷயம், அங்கே போய் விலையில் சில ரூபாயாக மாறியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தர முடியாதுன்னு சொல்ட்டேன்."

விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் சொன்னாரா, வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விலை என்றுதான் சொல்லியிருப்பார். அந்த அம்மா அந்த வாரமே வேறொரு கொட்டகையில் சரக்கு எடுத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. பௌர்ணமிக்குக் கூட்டம் வந்தது, உருண்டை விற்றது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் வெகுநாள் தேவைக்கு மட்டுமே பேச்சு. சட்னிக்குத் தேங்காய் வந்தது.

ஆனால் அவரிடம் ஒன்று மாறியிருந்தது. அதைக் கொட்டகை ஆட்கள் மூலம்தான் நான் அறிந்தேன். சரக்கு கேட்டு யார் வந்தாலும், "எதுக்கு?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். அத்தனை வருட வியாபாரத்தில் வாங்குகிறவனிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லையாம். செக்கு வைத்திருக்கும் ஒருவர் எண்ணெய்க்கு என்று வந்தார். "புண்ணாக்கு எங்க போவும்?" என்று இவர் கேட்டார். மாட்டுக்கு என்று பதில் வந்ததும், சாவி வீட்டில் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். நாவலூர் ஆபீஸ் வாசல் டீக்கடைகளுக்கு மசாலாக் கடலைப் பாக்கெட் போடும் ஓர் இளைஞன் வந்தான். அவனிடம், பேசி முடித்தாயிற்று, வேறு ஆள் எடுத்துக்கொண்டார் என்று பொய் சொன்னார். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

மழைக்காலம் வந்தது. அந்த மூட்டைகள் கொட்டகையின் பின்பக்கச் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. அதற்குள் தடை நிபந்தனைகளோடு தளர்கிறது என்ற பேச்சு வந்தது. ஒவ்வொரு லாட்டையும் சோதித்துத்தான் ஏற்ற வேண்டும் என்றார் ஏஜெண்டு. என் கணவர் மெஷின்காரரைக் கூப்பிட்டு, சல்லடையை மாற்றி, வேகத்தைக் குறைத்து, காய்ந்த காயாகவே உடைத்துப் பார்த்தார். நிறையப் பிளந்தது. ஏசிக்கொண்டே உடைத்தார். ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் சொல்லவில்லை.

தை பிறந்து செங்கல் சூளைகளுக்கு நெருப்பு மூட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை, "மதுராந்தகம் பக்கம் ஒரு சூளைக்குப் போறேன். வர்றியா?" என்றார். எதற்கு என்று வழியில்தான் சொன்னார். அந்த மூட்டைகளை விறகோடு சேர்த்து எரிக்கச் சூளைக்காரரிடம் பேசியிருந்தார். எண்ணெய்ச் சத்து இருப்பதால் நன்றாக எரியும் என்று அவரும் ஒத்துக்கொண்டாராம்.

நாங்கள் போனபோது லாரி முன்பே வந்து நின்றிருந்தது. சூளையின் வாய்களில் விறகு கொழுந்துவிட்டு எரிந்தது. ஆட்கள் மூட்டையைப் பிரித்து மண்வெட்டியால் வாரி உள்ளே எறிந்தார்கள். மேலே இருந்த மூட்டைகளில் பச்சைப் பூசணம் வெளிப்படையாகத் தெரிந்தது. நடுவில் இருந்தவை இன்னும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் வாசம் கிளம்பியது. வறுத்த கடலை வாசம். நாங்கள் இருவரும் எதிர்பார்க்காதது அது. காற்று சுழன்று சுழன்று அதைச் சூளையைச் சுற்றியிருந்த குடிசைகள் பக்கம் கொண்டுபோனது. செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள்.

"அண்ணாத்த, ஒரு மூட்ட எங்களுக்கு வெச்சிடு. புள்ளைங்க தின்னும்" என்றாள் ஒரு பெண்.

"வேணாம்மா."

"ஏன்? எரிக்கத்தான போற?"

"நல்லால்ல அது."

"நாங்க பொறுக்கிக்கிறோம், நல்லதா பாத்து."

"பாத்தா தெரியாதும்மா."

பக்கத்தில் நின்ற வயதான ஆள் பல் தெரியச் சிரித்தார். "அவுரு நெருப்புக்குப் போடுவாரு, நமக்குப் போடுவாரா? மகராசன்."

"இல்ல பெருசு, வெலை ஏறணும்னு எரிக்கிறாரு. பேப்பர்ல போடறான் பாரு, தக்காளியக் கொட்டுறான், பால ஊத்துறான்" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்தோனேசியாக்காரனை என்னென்ன சொல்லி என் கணவர் ஏசினாரோ, ஏறக்குறைய அதையெல்லாம் இப்போது அவர் கேட்டுக்கொண்டு நின்றார். வாய்க்கு வாய் பதில் கொடுக்கிற மனிதர். அன்று லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூட்டையிலிருந்து சிந்தியதை முதலில் கேட்ட பெண் குனிந்து அள்ளி, முந்தானையில் முடிந்துகொண்டதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அத்த அவுத்துப் போடும்மா" என்றார்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "கீழ சிந்தினதுதான?"

"போடும்மா. எங்க நைனா இதத் தின்னுதான் செத்தாரு."

சிரிப்பு நின்றது. அவர் யாரையும் பார்க்காமல், நெருப்பைப் பார்த்துச் சொன்னார். "வயிறு வீங்கி, கண்ணு மஞ்சளாயி செத்தாரு. ஊரே குடிகாரன்னுச்சி. அவரு ஒரு நாளு குட்சதில்ல. இதத்தான் தின்னாரு. நாங்க நனச்சி நனச்சிக் குடுத்தத."

அந்தப் பெண் முடிச்சை அவிழ்த்துச் சூளையின் வாய்க்குள் உதறினாள். முந்தானையையும் இரண்டு தடவை தட்டினாள். பிள்ளைகளைப் பார்த்து, "போங்கடி அந்தாண்ட" என்று விரட்டினாள்.

மாமனார் எதனால் இறந்தார் என்று யாரும் சோதித்துச் சொன்னதில்லை. சொல்லவும் இனி வழியில்லை. ஒரு டப்பாக் கடலையின் ரிப்போர்ட் இத்தனை வருடத்துக்கு முன்னால் போன ஒருவரின் கல்லீரலைப் பற்றி எதையும் நிரூபிக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாததைத் தெரிந்தது போல யாராவது பேசினால் அங்கேயே திருத்துவது என் குணம். அதற்காக வீட்டிலும் அலுவலகத்திலும் நிறையப் பேச்சு வாங்கியிருக்கிறேன். அன்று நான் திருத்தவில்லை.

கடைசி மூட்டை உள்ளே போகும்வரை அங்கேயே நின்றோம். காலிக் கோணிகளையும் ஒவ்வொன்றாக உதறி எறியச் சொன்னார். திரும்பும்போது ஏரிக்கரையில், "பந்தில குந்திக்கினு குடிகாரன்னு சொன்னான் பாரு, அவன் வூடு இந்தப் பக்கந்தான்" என்றார். வண்டியைத் திருப்புவாரோ என்று நினைத்தேன். திருப்பவில்லை.

அவர் சட்டையிலிருந்து வறுத்த கடலை வாசம் வந்துகொண்டே இருந்தது. காலையில் நாங்கள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்குப் பசித்தது.